நரிப்பையூர் பக்கம் பனங்காட்டில் ஆடி வரை குடும்பத்தோடு தங்கல்: என்னென்ன பார்க்கணும்?

விளாத்திகுளத்தான் (கேள்வி)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். மாசி பிறந்ததும் சாயல்குடிக்குத் தெற்கே, நரிப்பையூர் பக்கம் ஒரு காட்டில் விடிலி (பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசை) போடப் பேச்சு நடக்கிறது. நாற்பது பனை. ஊர் மூன்று கிலோமீட்டர் தள்ளி, கரண்டு கிடையாது. ஏறுவது நான், காய்ச்சுவது வீட்டுக்காரி. பிள்ளைகள் இரண்டு: ஒன்று நாலாம் வகுப்பு, இன்னொன்றுக்கு மூன்று வயது. ஏறுவதில் சந்தேகம் இல்லை. தங்கலைப் பற்றித்தான் கேட்கிறேன். பாட்டம் (மரக் குத்தகை) எப்படிப் பேசுவது, விடிலியை எங்கே போடுவது, தண்ணீருக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் என்ன வழி? இன்னொன்று, கடலோரத்தில் காய்ச்சும் கருப்பட்டி சீக்கிரம் இளகிவிடும் என்கிறார்கள். காற்றாலா, வேறு காரணமா?

முருக்குத்தடி

தம்பி, மரத்தை எண்ணுவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். அந்தக் கரையில் கிணறு வெட்டினால் பெரும்பாலும் உவர்தான். மணல் மேட்டில் ஊற்றுத் தோண்டினால் மேலாக நல்ல தண்ணீர் நிற்கும். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால் ஆளுயரத்துக்கு மேல் போகாதீர்கள். ஊறுகிற அளவுக்கு மட்டும் இறையுங்கள். சித்திரை, வைகாசியில் அதுவும் வற்றலாம். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு இரண்டு குடம் கட்டாயம் வேண்டும். ஊர்க்குழாயிலிருந்து கொண்டுவர நம் இராமநாதபுரம் மாவட்டத்துத் தள்ளுவண்டியை விடச் சுருக்கமான வழி இல்லை, ஆறு குடம் ஏற்றலாம். ஆனால் மணலில் சக்கரம் புதையும். வண்டித்தடம் இருக்கிற ஓரமாகத் தங்கலைப் போடுங்கள்.

பதநீர் இறக்கும் மண்கலயத்தைக் கடைசியாக அலசுவதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். உவர்த்தண்ணீரில் அலசிக் காயவைத்தால் உப்புப் பூத்து, கருப்பட்டியில் கரிக்கும்.

காய்ச்சுகிற விடிலியும் படுக்கிற குடிசையும் ஒன்றாக இருக்கவே கூடாது. இரண்டும் ஓலை. இரண்டுக்கும் நடுவில் முப்பது தப்படியாவது வெறும் மணலாகக் கிடக்கட்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே அடுப்பு கிழக்கே, படுக்கை மேற்கே. பொறி பறந்தால் குடிசைக்கு எதிர்ப்பக்கம் போகும். மாசியில் காற்று வேறாக இருக்கும், அப்போது அமைப்பு தப்பாகத் தோன்றும். அதைப் பார்த்து மாற்றிவிடாதீர்கள்.

ஓலையையும் மட்டையையும் குடிசையை ஒட்டிக் குவிக்காதீர்கள். எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அந்த மணலில் சுருட்டை விரியன் உண்டு. கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரைத்தான் இரவில் கடிக்கும். கடித்த இடத்தில் வலி, வீக்கம் பெரிதாக இல்லாததால் பூச்சி என்று விட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கயிற்றுக் கட்டில், பாய்க்கடியில் செருகிய கொசுவலை, இது இரண்டும் இல்லாமல் போகவேண்டாம். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டிக்கு வழி சொல்ல, அருகிலுள்ள கிழக்குக் கடற்கரைச் சாலைக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குடிசையில் எழுதி ஒட்டிவையுங்கள். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருப்பு உண்டு என்று போய் இறங்கிய முதல் வாரமே நேரில் விசாரித்துவிடுங்கள்.

ஓலைக்கொட்டான்

கருப்பட்டி இளகுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அண்ணே. இதை அக்காவிடம் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். காற்று பாதிக் காரணம்தான், மீதி கலயத்துக்குள் இருக்கிறது.

கலயத்தின் உள்ளே தடவுகிற சுண்ணாம்பு போதாவிட்டால் மரத்திலேயே பதநீர் புளிக்கத் தொடங்கும். நுரைக்கும், கள் வாடை லேசாக அடிக்கும். புளிப்பு ஏறும்போது உள்ளிருக்கிற சர்க்கரை உடைந்து, மணிமணியாகப் பூத்து இறுகுகிற தன்மையை இழக்கிறது. அதை எவ்வளவு காய்ச்சினாலும் பாகு பிசினாகத்தான் நிற்கும். அச்சில் ஊற்றினால் மேலே இறுகி, உள்ளே கொழகொழவென்று இருக்கும். ஈரக்காற்றை முதலில் இழுப்பதும் அதுதான். சுண்ணாம்பு கூடினால் வேறு கெடுதல்: கட்டி கறுக்கும், நாக்கில் காரும், கசக்கும். கூடுதலா என்று பார்க்க ஒரு வெள்ளைத்துணியில் மஞ்சளைத் தேய்த்துப் பதநீரில் நனையுங்கள். செக்கச்செவேலென்று சிவந்தால் சுண்ணாம்பு மிஞ்சிவிட்டது. அப்படியானால் அன்றைய பதநீரை அடுப்பில் ஏற்றுமுன் தெளியவைத்து, அடிமண்டியை விட்டு மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். நீற்றி வடிகட்டின கிளிஞ்சல் சுண்ணாம்பாக வாங்குங்கள். கட்டி தட்டின சுண்ணாம்பு கலயத்தில் ஒட்டாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

மண்கலயத்தின் நுண்துளைகளில் பழைய புளிப்பு தங்கும். இரண்டு செட் கலயம் வைத்து மாற்றி மாற்றி வெயிலில் காயப்போடுங்கள். இதைச் செய்யாமல் சுண்ணாம்பை மட்டும் கூட்டிக்கொண்டே போவதால்தான் பலருடைய கருப்பட்டி வைகாசிக்குப் பிறகு கறுக்கிறது.

காலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் தாச்சியில் (காய்ச்சுகிற அகன்ற சட்டியில்) ஊற்றிவிட வேண்டும். மாலைப் பதநீரோடு சேர்த்துக் காய்ச்சலாம் என்று வைத்தால் இரண்டும் கெடும். பன்னாடையில் ஒருதரம், துணியில் ஒருதரம் வடிகட்டுங்கள். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்து ஒன்றிரண்டை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். விறகுக்குச் சீமைக்கருவேலம் நன்றாக நின்று எரியும். ஆனால் கடைசி அரைமணிக்குத் தீயைத் தணித்து மட்டையால் மட்டும் எரியுங்கள். அடிப்பிடித்த வாடை வந்தால் அதை எடுக்க வழியே இல்லை. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டினால் உருண்டையாகத் திரள வேண்டும். தாச்சியை இறக்கித் துடுப்பால் விடாமல் கிண்டி, வெளிறிக் கெட்டியாகும் தறுவாயில் நனைத்த சிரட்டையில் ஊற்றுங்கள். பதநீரின் இனிப்பைப் பொறுத்து எட்டு முதல் பத்து லிட்டருக்கு ஒரு கிலோ தேறும்.

ஆறியதும் கொட்டானில் (ஓலைப்பெட்டியில்) அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடாது. பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் வியர்த்து இளகும்.

கடலாடி வாசி

படிப்பைப் பற்றி: நாலாம் வகுப்புப் பிள்ளையை நரிப்பையூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் மாசியிலேயே சேருங்கள், ஜூன் வரை காத்திருக்கவேண்டாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக்கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். பழைய பள்ளியிலிருந்து எமிஸ் எண்ணை (பள்ளிக் கணினிப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்) மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றல் அதை வைத்துத்தான் நடக்கும். காலை உணவும் மதிய உணவும் அங்கேயே கிடைக்கும். அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். சின்னதை அங்கன்வாடியில் விடுங்கள். பாகு கொதிக்கிற இடத்தில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கவே கூடாது. அங்கன்வாடி இல்லாத நேரத்துக்கு விடிலியைச் சுற்றி இடுப்பளவு மட்டைவேலி கட்டுங்கள்.

ரேஷன் அட்டையை மாற்றவேண்டியதில்லை. கைரேகை வைத்து வேறு ஊர்க் கடையிலும் வாங்கலாம். இருப்பு குறைவாக வரும் கடைகளில் மாதக் கடைசியில் போனால் சர்க்கரை, பருப்பு தீர்ந்திருக்கும்.

பாட்டத்தைப் பொறுத்தவரை, மரத்துக்கு இவ்வளவு என்று பணமாகவோ கருப்பட்டியாகவோ பேசலாம், அல்லது முறைவைத்து ஒருநாள் பதநீர் உடையவருக்கு, ஒருநாள் உங்களுக்கு. புது இடத்தில் முறை நல்லது, விளைச்சல் குறைந்தால் நட்டம் இருவருக்கும். எத்தனை அலகு (ஆண்பனை), எத்தனை பருவப்பனை (பெண்பனை) என்று தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். அலகு முந்திக்கொள்ளும், பருவப்பனை பிந்தி வரும். எல்லாம் அலகாக இருந்தால் ஆனியில் கை காய்ந்துவிடும். விறகும் விழுந்த ஓலையும் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், சண்டை வருவது அங்கேதான். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் விலையை அவர்தான் சொல்வார். முடிந்தமட்டும் தவிருங்கள்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு தடவாத கலயம் ஒன்றுகூட மரத்தில் தொங்கக்கூடாது. பனைமரத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கிளம்புமுன் பதிந்துவிடுங்கள்.

விளாத்திகுளத்தான்

ரொம்ப நன்றி. கோடைமழை பெய்தால் அன்றைக்கு ஏறாமல் விட்டுவிடலாமா?

முருக்குத்தடி

பெய்யும்போது ஏறாதீர்கள், மரம் வழுக்கும். மழை விட்டு மரம் காய்ந்ததும், பதநீர் வேண்டாம் என்றாலும் ஏறிப் பாளையை மட்டும் சீவிவிட்டு வாருங்கள். ஒருநாள் சீவாவிட்டால் நுனி காய்ந்து அடைக்கும். பழைய ஓட்டத்துக்கு வரப் பல நாள் ஆகும். மழைத்தண்ணீர் விழுந்த கலயத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு தடவிக் கட்டுங்கள்.