பொழுதுபோக்காகத் தனியாக ஒரு வீடியோ கேம் உருவாக்க விரும்புகிறேன்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். கணினி விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். சொந்தமாக ஒன்றை உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இப்போதுதான் செயலில் இறங்கும் அளவுக்கு வலுத்திருக்கிறது. இதைத் தொழிலாக்கும் எண்ணமோ, இதிலிருந்து பணம் ஈட்டும் எண்ணமோ எனக்கு இல்லை. வேலை நேரம் போக, வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஒதுக்க முடியும். பைத்தானில் சிறு நிரல்கள் எழுதுவேன். படம் வரையவோ இசையமைக்கவோ தெரியாது.

என் மனத்தில் உள்ள விளையாட்டு இதுதான். ஒரு தீவில் அணைந்துபோன கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. புதிதாக வந்து சேரும் காவலர் தீவு மக்களோடு பழகி, நிலத்தில் பயிரிட்டு, படகு கட்டி, விளக்கைப் படிப்படியாகச் சீர்செய்து மீண்டும் ஏற்ற வேண்டும். பருவங்கள் மாறும், இருபது பாத்திரங்கள் இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் தனிக் கதை உண்டு. ஸ்டார்டியூ வேலி விளையாட்டை எரிக் பரோன் என்ற ஒருவரே உருவாக்கினார் என்று படித்தது முதல், இது என்னாலும் முடியும் என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது.

எந்த எஞ்சினை (விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளை)த் தேர்ந்தெடுப்பது, இருபரிமாணமா முப்பரிமாணமா, படங்களுக்கும் ஒலிகளுக்கும் எங்கே போவது, எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் வாரத்தில் உட்கார்ந்து எதைச் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நெடுஞ்சுடர்

வணக்கம் இளவேனில். எஞ்சினைப் பற்றிப் பிறர் சொல்வார்கள். நான் விளையாட்டின் அளவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பொழுதுபோக்காகத் தொடங்கப்படும் விளையாட்டுகள் பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாகிறது.

எரிக் பரோன் தனியாக உருவாக்கினார் என்பது உண்மை. 2016-இல் அந்த விளையாட்டு வெளிவருவதற்கு முன், நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அதையே முதன்மை வேலையாகச் செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்றால் உங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மணி நேரம் கிடைக்கும். முழுநேரமாக உழைப்பவருக்கு அதே ஓராண்டில் சுமார் 2,000 மணி நேரம் கிடைக்கிறது. அவருடைய நான்கு ஆண்டு உழைப்பை உங்கள் வேகத்தில் செய்தால் இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிவிடும். உங்கள் எண்ணம் அழகானது, அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் முதல் விளையாட்டு அதுவாக இருக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

அதற்கு மாறாக, அந்த எண்ணத்திலிருந்தே ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாடுபவர் கையால் திரும்பத் திரும்பச் செய்யப்போகும் செயல் எது என்று கேட்டால், உங்கள் கதையில் ஏற்கெனவே விடை இருக்கிறது: விளக்கைத் திருப்புவது. ஒரே திரை, இரவுக் கடல், நடுவில் கலங்கரை விளக்கம், அதைச் சுற்றிப் பாறைகள். இடது, வலது விசைகளால் ஒளிக்கற்றையைத் திருப்பலாம். இருட்டிலிருந்து கப்பல்கள் வருகின்றன. ஒளி ஒரு கப்பலின் மேல் ஒரு விநாடி நிலைத்தால் அது பாறையைக் கண்டு திசைமாறும், நிலைக்காவிட்டால் மோதும். மூன்று கப்பல்கள் மோதினால் ஆட்டம் முடியும்.

இது மிகவும் சிறியது என்று தோன்றலாம். ஆனால் இரண்டு கப்பல்கள் எதிரெதிர்த் திசைகளில் வரும்போது எதை முதலில் காப்பது என்ற தவிப்பு அந்த நொடியிலேயே பிறந்துவிடுகிறது. அந்தத் தவிப்பு சாதாரணச் செவ்வகங்களை வைத்தே உண்டாகிறதா என்று முதலில் பாருங்கள். உண்டாகாவிட்டால் இருபது பாத்திரங்களும் பருவங்களும் அதை ஈடுசெய்ய மாட்டா. செலெஸ்ட் என்ற புகழ்பெற்ற விளையாட்டும், 2015-இல் பிகோ-8 என்ற, கணினியில் மென்பொருளாக மட்டுமே இயங்கும் கற்பனையான குட்டி விளையாட்டுக் கருவிக்காக நான்கு நாட்களில் செய்யப்பட்ட சிறு ஆட்டமாகவே தொடங்கியது. 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட திரையில், குதிப்பதும் பாய்வதும் இனிமையாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகே அது 2018-இல் முழு விளையாட்டாக வந்தது.

இன்னொன்று: தொடக்கத் திரை, ஆட்டம் முடிந்தது என்று அறிவிக்கும் திரை, மீண்டும் ஆடும் வசதி, ஒலியைக் குறைக்கும் வசதி ஆகியவற்றையும் இந்தச் சிறு ஆட்டத்திலேயே செய்து முடியுங்கள். இவை சலிப்பூட்டும் வேலைகள்தாம். ஆயினும் ஒரு விளையாட்டை முடிப்பது என்றால் என்ன என்பதை இவற்றைச் செய்யாமல் அறிய முடியாது.

பதில்: மென்பொறி

நெடுஞ்சுடர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அந்தக் கலங்கரை விளக்க ஆட்டத்தையே மனத்தில் வைத்து எஞ்சினைப் பற்றி எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது கோடோ. 2014-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. எம்ஐடி உரிமத்தில் வருவதால், நீங்கள் செய்யும் விளையாட்டு முழுவதும் உங்களுடையதே, யாருக்கும் கட்டணமோ பங்கோ தர வேண்டியதில்லை. அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட், பைத்தானைப் போலவே வரிகளை உள்தள்ளி எழுதும் முறையைக் கொண்டது. எனவே உங்களுக்கு முதல் நாளிலிருந்தே பழகியதுபோல் இருக்கும். யூனிட்டியும் நல்ல எஞ்சின்தான். அதில் சி ஷார்ப் கற்க வேண்டும். ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2024 செப்டம்பரில் அதை விலக்கிக்கொண்டது. பொழுதுபோக்காகச் செய்பவரை அது நேரடியாகப் பாதிக்கவில்லை என்றாலும், விதிகள் நடுவழியில் மாறாத ஒரு கருவியைத் தேர்வது மனநிம்மதி தரும். கேம்மேக்கர் இருபரிமாண ஆட்டங்களுக்கு ஏற்றது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இப்போது இலவசம். அன்ரியல் உங்கள் தேவைக்கு மிகப் பெரியது. முப்பரிமாணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கேமரா, ஒளியமைப்பு, மாதிரியுரு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருக்கும்.

முதல் வாரத்தில் கோடோவின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் உள்ள முதல் இருபரிமாண விளையாட்டுப் பாடத்தை முழுவதும் செய்து முடியுங்கள். முடித்த பின், காணொளிகளைத் தேடி அடுத்தடுத்த பாடங்களுக்குத் தாவாமல், அதே ஆட்டத்தை வைத்துக்கொண்டு நீங்களாகவே ஒரு மாற்றம் செய்யுங்கள்: எதிரிகளின் வேகம் நேரம் செல்லச் செல்லக் கூட வேண்டும் என்பது போன்ற சிறு மாற்றம் போதும். பாடத்தைப் பார்த்துச் செய்யும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். எது உண்மையில் புரிந்தது என்பது இந்த இடத்தில்தான் தெரியவரும்.

உங்கள் ஆட்டத்தில் கட்டாயம் எதிர்ப்படும் இரண்டு இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலாவது, நேரம். ஒளிக்கற்றையை ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும்) 2 பாகை திருப்புமாறு எழுதினால், விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் திரையில் அது விநாடிக்கு 120 பாகை திரும்பும்; 144 ஃபிரேம் ஓடும் திரையில் 288 பாகை திரும்பும், அதாவது அங்கே ஆட்டமே வேறாகிவிடும். எனவே வேகத்தை விநாடிக் கணக்கில் வைத்துக்கொண்டு, முந்தைய ஃபிரேமிலிருந்து கழிந்த நேரத்தைக் குறிக்கும் டெல்டா மதிப்பால் பெருக்குங்கள். நகரும் எல்லாப் பொருள்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, கோணம். கப்பல் ஒளிக்குள் இருக்கிறதா என்று அறிய, மோதல் வடிவங்களை அமைப்பதைவிட, விளக்கிலிருந்து கப்பல் இருக்கும் திசையின் கோணத்தையும் ஒளிக்கற்றையின் கோணத்தையும் ஒப்பிடுவது எளிது. ஆனால் ஒளி 359 பாகையிலும் கப்பல் 1 பாகையிலும் இருந்தால் உண்மையான இடைவெளி 2 பாகைதான். நேராகக் கழித்தாலோ 358 வரும், ஒளியில் நிற்கும் கப்பல் இருட்டில் இருப்பதாக ஆட்டம் முடிவு செய்யும். வட்டத்தில் 360 முடிந்து மீண்டும் 0 தொடங்கும் இந்த இடத்தைக் கணக்கில் கொண்டு வேறுபாட்டைத் தரும் செயற்கூறு கோடோ 4-இன் அண்மைப் பதிப்புகளில் உள்ளது, அதைப் பயன்படுத்துங்கள்.

நிரலின் ஒவ்வொரு நிலையையும் சேமித்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியையும் முதல் நாளிலேயே தொடங்கிவிடுங்கள். நேற்று ஓடிய ஆட்டம் இன்று ஓடவில்லை என்ற நிலை நிச்சயம் வரும். அப்போது நேற்றைய நிலைக்குத் திரும்பும் வழி கையில் இருந்தால், துணிந்து சோதனைகள் செய்யலாம்.

பதில்: தூரிகை

படங்களையும் ஒலிகளையும் பற்றி மட்டும் சொல்கிறேன். இரவு, கடல், ஒளி என்ற மூன்றே கூறுகள் கொண்ட ஆட்டம் வரையத் தெரியாதவருக்குப் பெரிய வாய்ப்பு. நான்கைந்து நிறங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். கப்பல்கள் கருநீலக் கடலில் அதைவிடச் சற்றே அடர்ந்த நிழலுருவங்களாக இருக்கட்டும். ஒளிக்கற்றையை ஒரு மஞ்சள் முக்கோணமாக வரைந்து, நிறங்கள் கூடி ஒளிரும் ஆட் (Add) என்ற கலப்பு முறையில் வைத்தாலே திரை உயிர்பெறும்.

இவையும் வேண்டாம், ஆயத்தப் படங்கள் வேண்டும் என்றால், கென்னி என்ற தளம் வழங்கும் தொகுப்புகள், யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் சிசி0 முறையில் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பெயர் குறிப்பிட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் ஒவ்வொரு படைப்புக்கும் ஒவ்வொரு உரிமம் இருக்கும். சிலவற்றுக்கு உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். சிலவற்றில் நீங்கள் செய்யும் மாற்றங்களையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். எனவே ஒரு கோப்பைப் பதிவிறக்கும்போதே அதன் மூலத்தையும் உரிமத்தையும் ஓர் உரைக் கோப்பில் எழுதிவையுங்கள். விற்காத விளையாட்டுதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. பிறர் தம் உழைப்பைத் தாராளமாகத் தரும்போது நாம் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது.

ஒலிக்கு எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சிறு கருவியைப் பாருங்கள். 2007-இல் லூடம் டேர் என்ற, குறுகிய நேரத்தில் விளையாட்டு உருவாக்கும் போட்டியில் பங்கேற்பவர்களுக்காகச் செய்யப்பட்ட அதில், ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வெடிப்பொலியோ குதிப்பொலியோ பிறக்கும். உலாவியிலேயே இயங்கும் வடிவங்களும் உண்டு. ஒலியைக் கடைசி வேலையாக ஒதுக்காதீர்கள். ஒளி கப்பலைத் தொட்ட கணத்தில் ஒரு மெல்லிய மணியொலி கேட்டால், தான் செய்தது பலித்தது என்று விளையாடுபவருக்கு உடனே தெரியும்; கப்பல் மெல்லத் திரும்பி முடிக்கும்வரை அவர் ஐயத்தோடு காத்திருக்க வேண்டியதில்லை.

இளவேனில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் கூறியபடியே பாடத்தை முடித்துவிட்டு, கலங்கரை விளக்க ஆட்டத்தைத் தொடங்கினேன். இப்போது ஒளி திரும்புகிறது, கப்பல்கள் வருகின்றன, மோதுகின்றன. செவ்வகங்களாக இருக்கும்போதே விட்டுவிட மனமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஐயங்கள் எழுந்துள்ளன. திரையில் வரும் சொற்களைத் தமிழில் அமைக்க விரும்புகிறேன்; எழுத்துகள் சிதையாமல் வருமா? மேலும், இதைப் பிறருக்கு எப்போது, எப்படிக் காட்டுவது?

பதில்: மென்பொறி

கோடோ 4 தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும். 3-ஆம் பதிப்பில் இந்த வசதி இல்லை, அதில் கொ, கோ போன்றவற்றின் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். ஆனால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை உங்கள் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால், உங்கள் கணினியில் ஏற்கெனவே உள்ள எழுத்துருவைக் கடன் வாங்கி எல்லாம் சரியாகத் தெரியும்; இணையப் பதிப்பில் அந்த உதவி கிடைக்காததால் வெற்றுக் கட்டங்கள் வந்து நிற்கும். உரையாடல் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும்படி அமைத்தால், முதலில் க தெரிந்து பிறகு அது கோ என்று மாறி மினுக்கும். உரையைக் காட்டும் லேபிள் என்ற உறுப்பின் அமைப்புகளில், எழுத்துகளைக் கோத்த பிறகு எண்ணும் முறையைத் தேர்ந்தெடுத்தால் அது நின்றுவிடும்.

பதில்: நெடுஞ்சுடர்

பிறருக்குக் காட்டுவதை இன்றே செய்யலாம், செவ்வகங்களோடே செய்யலாம். நண்பர் ஒருவரை உட்காரவைத்து விசைப்பலகையைக் கொடுத்துவிட்டு, நீங்கள் எதையும் விளக்காமல் அருகில் அமைதியாக இருங்கள். அவர் எந்த விசையைத் தேடுகிறார், எந்த மோதலின்போது காரணம் புரியாமல் விழிக்கிறார், தோற்றவுடன் தானாகவே மீண்டும் தொடங்குகிறாரா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கிட்டு உதவ வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். நீங்கள் உதவ நினைக்கும் அந்த இடத்தைத்தான் விளையாட்டில் திருத்த வேண்டும். அவர் ஆட்டம் கடினமாக இருக்கிறது என்றால் நம்புங்கள், ஏனெனில் உருவாக்கியவர் கைக்கு அது பழகிப்போயிருக்கும். எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்லும் யோசனையை மட்டும் நன்கு எடைபோட்டுப் பாருங்கள்.

தொலைவில் உள்ளவர்களுக்கு, இட்ச்.ஐஓ தளத்தில் உலாவியிலேயே ஆடும் வகையில் இலவசமாக ஏற்றலாம். பக்கத்தைக் கடவுச்சொல் வைத்து மூடி, வேண்டியவர்களுக்கு மட்டும் முகவரியைத் தரவும் வழி உண்டு. ஏற்றும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: பயனர் ஒருமுறை சொடுக்கும்வரையோ விசையை அழுத்தும்வரையோ உலாவிகள் பொதுவாக ஒலியை எழுப்ப விடுவதில்லை. எனவே ஆட்டம் நேராகத் தொடங்காமல், தொடங்க ஒரு விசையை அழுத்தவும் என்று கேட்கும் திரை ஒன்றை முன்னால் வையுங்கள்.