நரம்பு சுருண்டா எண்ணெய் போட்டு உருவலாமா?

*கீழத்தெரு சொந்தங்கள்*

*சித்தி:* அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஆலையில, பல பேருக்குக் கெண்டைக்கால்ல நரம்பு சுருண்டு பச்சையா புடைச்சு நிக்கு. எண்ணெய் போட்டு உருவினா மாறுமா?

*நர்ஸ் அக்கா:* மாறாது சித்தி. அது நரம்பே இல்ல, ரத்தக்குழாய். கால்ல இருந்து மேல ஏறுற ரத்தம் திரும்ப இறங்காம இருக்க உள்ள வால்வு உண்டு. அது தளர்ந்தா ரத்தம் கீழ தேங்கி, குழாய் வீங்கிச் சுருளும். உருவி வால்வைச் சரியாக்க முடியாது. உள்ள ரத்தம் உறைஞ்சு கிடந்தா உருவுறதே ஆபத்து.

*பிசியோ தம்பி:* கெண்டைச்சதைதான் ரத்தத்தை மேல தள்ளுற பம்ப். நின்னாலும் இருந்தாலும் அசையாம இருந்தா அது வேலை செய்யாது. அரை மணிக்கு ஒருக்கா எழும்பி, குதிகாலை 20 தடவை தூக்கி இறக்கச் சொல்லுங்க.

*பெரியப்பா:* இதுக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுக்குற இறுக்கமான நீள சாக்ஸைப் போட்டா முட்டுக்குக் கீழ அறுக்குன்னு கழத்திப் போடுறாங்களே?

*நர்ஸ் அக்கா:* நீளம் கூடினா மேல மடிச்சு விடுறாங்க பெரியப்பா, மடிச்ச இடத்துல ரெட்டை இறுக்கம். காலையில வீக்கம் ஏறுறதுக்கு முன்ன அளக்கணும்: கணுக்கால் மொழிக்கு மேல ஒடுங்கின இடம், கெண்டையோட பருத்த இடம், தரையில இருந்து முட்டு வரை நீளம். பெரும்பாலும் கிளாஸ் 2, அதாவது இறுக்கத்துல ரெண்டாம் தரம் எழுதுவாங்க, அழுத்தம் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். கட்டில்ல இருந்து இறங்கும் முன்னே போடணும். குதிகால் வரை உள்பக்கம் புரட்டி, பாதத்தை நுழைச்சு, குதிகாலைச் சரியா உட்கார வச்சிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளங்கையால நீவி ஏத்தணும். மேல் விளிம்பைப் பிடிச்சு இழுக்கப்படாது. ரப்பர் கையுறை போட்டா வழுக்காது. எண்ணெய் தேய்க்கணும்னா ராத்திரி, சாக்ஸ் கழத்தின பிறகு.

சுகர் உள்ளவங்க, நடந்தா கால் வலிக்குறவங்க, பாதத்துக்கு ரத்தம் போகுதான்னு டாக்டர் பார்க்காம போடவே கூடாது.

*பெரியப்பா:* சாக்ஸ் போட்டா சுருண்டது போயிருமா?

*நர்ஸ் அக்கா:* போகாது, வீக்கத்தையும் கனப்பையும் குறைக்கும். குழாயைச் சரியாக்கணும்னா நிக்க வச்சு, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு காட்டுற டாப்ளர் ஸ்கேன் எடுத்து, கசியுற குழாயை லேசர் இல்லன்னா ரேடியோ அலைச் சூட்டால உள்ளயே மூடுவாங்க. பெரும்பாலும் அன்னைக்கே நடக்கலாம். அடைச்சா ரத்தம் எப்படிப் போகும்னு பயப்பட வேண்டாம், முக்கால்வாசிக்கு மேல ஆழத்துல உள்ள குழாய் வழியாத்தான் போகுது.

*சித்தி:* ஒருத்திக்குக் கணுக்கால் உள்பக்கம் கறுத்து அரிக்குதாம்.

*நர்ஸ் அக்கா:* சொறியப்படாது, அதுதான் புண்ணாகிற இடம். அவங்களை முதல்ல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. புடைச்சது பொட்டி ரத்தம் பீச்சினா உடனே படுக்க வச்சு, காலை நெஞ்சுக்கு மேல தூக்கி, சுத்தமான துணியால 10 நிமிஷம் விடாம அமுக்கணும். மேல கயிறு கட்டப்படாது. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா, மூச்சு முட்டினா, நேரே 108 கூப்பிடுங்க.