லாப்ரடூடில் கட்டுரை: "ஒவ்வாமை தராத நாய்" என்ற வரி இருக்கலாமா?

ஏடுதேடி:
லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து பெறப்படும் லாப்ரடூடில் நாயைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையின் முதற்பத்தியில், "இந்நாய் ஒவ்வாமை தராதது" என்றொரு வரி இருந்தது. அதை நீக்கினேன், வடலி அவர்கள் மீண்டும் சேர்த்திருக்கிறார். அவர் காட்டும் சான்று, குட்டிகளை விற்கும் ஒரு பண்ணையின் இணையதளம். ஒருவர் தாமே வெளியிடும் பக்கத்தை, அவரைப் பற்றிய எளிய செய்திகளுக்கு வேண்டுமானால் மேற்கோளாக ஏற்கலாம். உடல்நலம் குறித்த ஒரு கூற்றுக்கு, அதுவும் விற்பனைக்கு உதவும் கூற்றுக்கு, அது சான்றாகாது.

வடலி:
இந்த நாய் உருவானதே அந்த நோக்கத்திற்காகத்தான். ஹவாயில் வாழ்ந்த, பார்வைக் குறைபாடுடைய ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது; அவருடைய கணவருக்கோ நாய் ஒவ்வாமை இருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வழிகாட்டி நாய்கள் சங்கத்தின் இனப்பெருக்கப் பொறுப்பாளராக இருந்த வாலி கான்ரன், அதற்காகவே 1980களின் இறுதியில் இந்தக் கலப்பைச் செய்தார். இதை மறைத்துவிட்டு எழுதும் கட்டுரை முழுமையானதாகுமா? மேலும், அமெரிக்கன் கென்னல் கிளப் போன்ற அமைப்புகள் இந்நாயை ஓர் இனமாக ஏற்றுப் பதிவு செய்வதில்லை. எனவே வளர்ப்போரின் பக்கங்களையும் விலக்கிவிட்டால், தோற்றம், உயரம், மயிர் வகை ஆகியவற்றைப் பற்றிக்கூட எழுத ஒன்றும் மிஞ்சாது.

ஏடுதேடி:
உயரத்துக்கும் மயிர் வகைக்கும், "வளர்ப்போர் கூறுவதன்படி" என்ற குறிப்புடன், அவர்களின் பக்கங்களைத் தாராளமாக வையுங்கள். நோக்கத்தைச் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. நோக்கம் வேறு, விளைவு வேறு என்கிறேன். கான்ரன் பின்னாளில் தாமே விவரித்தபடி, முதற்கலப்பில் பிறந்த குட்டிகள் மூன்று. அவற்றின் மயிரும் உமிழ்நீரும் ஹவாய்க்கு அனுப்பப்பட்டன. அந்தக் கணவருக்கு ஒவ்வாமை ஏற்படுத்தாதது சுல்தான் என்று பெயரிடப்பட்ட ஒரே குட்டிதான். ஒரே ஈற்றில் பிறந்தவற்றிலேயே இப்படி என்றால், கலப்பு முழுமைக்கும் பொதுவாக எப்படிச் சொல்ல முடியும்?

வடலி:
கேள்வி அழகாக இருக்கிறது; ஆனால் அது உங்கள் சொந்த முடிவு. மூன்றில் ஒன்று என்ற செய்தியிலிருந்து "கலப்பு முழுமைக்கும் பொருந்தாது" என்று நீங்களே வருவித்துக் கட்டுரையில் எழுதினால், அது சொந்த ஆய்வு கூடாது என்ற விக்கிப்பீடியாக் கொள்கைக்கு முரணாகும். தவிர, கான்ரனின் நினைவுக்குறிப்பு முதல்நிலை மூலம், அதாவது நிகழ்வில் ஈடுபட்டவரே சொல்லும் சான்று. பண்ணைக்காரரின் பக்கத்துக்கு ஒரு விதி, கான்ரனின் பேச்சுக்கு வேறொரு விதி என்று வைத்துக்கொள்ள இயலாது.

கால்நடை மருத்துவன்:
இந்த வருவிப்பே தேவையில்லை. அளந்து பார்த்த ஆய்வுகள் உள்ளன. நாய் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் மயிரன்று. உமிழ்நீரிலும் தோல் துகளிலும் உள்ள புரதங்கள், குறிப்பாகக் கேன் எஃப் 1 என்னும் புரதம். மயிர் குறைவாக உதிர்வதால் மட்டும் அப்புரதம் சுரக்காமல் போய்விடாது. டெட்ராய்டில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் வீட்டுத் தூசியை அளந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், "ஒவ்வாமை குறைந்தவை" எனப்படும் நாய்கள் வாழும் வீடுகளுக்கும் பிற நாய்கள் வாழும் வீடுகளுக்கும் அப்புரத அளவில் வேறுபாடு காணப்படவில்லை. நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு லாப்ரடூடிலையே நேரடியாக எடுத்துக்கொண்டது. "ஒவ்வாமை குறைந்தவை" என்ற பெயர்பெற்ற நாய்களின் மயிரில் அப்புரதம் மற்றவற்றைவிடக் கூடுதலாகவே இருந்தது.

வடலி:
அதே 2012 ஆய்வில், லாப்ரடூடில் வாழும் வீடுகளின் தரைத்தூசியில் அப்புரதம் குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே, மருத்துவரே. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது விற்பனையாளரின் வழக்கம் என்று அல்லவா நினைத்திருந்தேன்.

கால்நடை மருத்துவன்:
சேர்த்தே எழுதுங்கள், எனக்குத் தடையில்லை. ஆனால் காற்றில் மிதந்த அளவில் வேறுபாடு இல்லை என்று அந்த ஆய்வு அடுத்து கூறுவதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். மூச்சுக்குள் போவது காற்றுதான்.

வடலி:
மருத்துவச் செய்திகளுக்குத் தனி ஆய்வுகளைவிட, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் தொகுப்பாய்வுகளையும் துறை அமைப்புகளின் நிலைப்பாட்டையும் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் வழிகாட்டல். இரண்டு ஆய்வுகளை வைத்து நீங்கள் தீர்ப்பெழுதுவது அதற்கு ஒவ்வாது.

ஏடுதேடி:
அமெரிக்க ஒவ்வாமை, ஆஸ்துமா, நோயெதிர்ப்பியல் கழகம், முற்றிலும் ஒவ்வாமை தராத நாய் எதுவும் இல்லை என்றே தன் பொதுமக்களுக்கான பக்கத்தில் கூறுகிறது. நீங்கள் கேட்கும் துறை அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

கரிசல்:
இத்தனை சுற்று வேண்டியதில்லை. 2019இல் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்துக்கு அளித்த பேட்டியில், இந்தக் கலப்பைத் தொடங்கியதே தம் வாழ்வின் பெரும் வருத்தம் என்றும், இந்நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு மனக்கோளாறோ பரம்பரை நோயோ இருக்கிறது என்றும் கான்ரன் கூறிவிட்டார். அதையே முதற்பத்தியில் வைத்துவிட்டால் விற்பனைப் பேச்சு தானே அடங்கும்.

கால்நடை மருத்துவன்:
அதை நான் எதிர்க்கிறேன். அவர் வருந்தினார் என்பது வரலாற்றுச் செய்தி. அவர் பெயரோடு வரலாற்றுப் பகுதியில் இருக்கட்டும். "பெரும்பாலானவை நோயுற்றவை" என்பது ஒருவரின் கருத்து. பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி, காக்கபூ, லாப்ரடூடில், கேவபூ ஆகிய மூன்று பூடில் கலப்புகளையும் அவற்றின் மூல இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 87 விழுக்காடு ஒப்பீடுகளில் வேறுபாடே இல்லை. தரவு உரிமையாளர்கள் நிரப்பிய படிவங்களிலிருந்து வந்தது என்ற வரம்பு அதற்கு உண்டு. ஆயினும் "கலப்பினம் என்பதால் கூடுதல் நலம்" என்ற பண்ணைக் கூற்றையும், கான்ரனின் கூற்றையும் அது ஒருசேர ஐயத்துக்கு உள்ளாக்குகிறது.

வடலி:
இந்த ஒன்றில் மருத்துவரோடு நிற்கிறேன். இன்னொன்று: "1989இல் லாப்ரடூடில் என்னும் சொல் பிறந்தது" என்ற வரிக்கு ஏடுதேடி நாளிதழ் மேற்கோள் சேர்த்திருக்கிறார். படகு வேகச் சாதனையாளர் டொனால்ட் கேம்பல் 1955இலேயே தம் நூலில் தம் நாயை அப்படி அழைத்திருக்கிறார். நாளிதழ் என்பதால் மட்டும் நம்பிவிடலாமா?

ஏடுதேடி:
நாளிதழ்கள் நம்மிடமிருந்தே எடுத்து எழுதுவதும் உண்டு. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் கோவாட்டி என்னும் விலங்கின் கட்டுரையில் "பிரேசில் ஆர்டுவார்க்" என்ற பெயரை விளையாட்டாகச் சேர்த்தார். பிரிட்டிஷ் நாளிதழ்கள் அப்பெயரைப் பயன்படுத்தின. பிறகு அந்நாளிதழ்களில் ஒன்றே கட்டுரைக்கு மேற்கோளாக வந்து அமர்ந்தது. எனவே 1989 என்பதைக் கான்ரனின் கலப்பு பரவலாக அறியப்பட்ட காலமாக மட்டும் எழுதி, சொல்லின் முதற்பயன்பாட்டுக்குக் கேம்பலின் நூலையே காட்டுவோம். ஒவ்வாமைக்கு என் வரைவு: "ஒவ்வாமை உள்ளோருக்காக உருவாக்கப்பட்டது, எனினும் இது ஒவ்வாமை தராதது என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை." பண்ணையின் இணைப்பை எடுத்துவிடுகிறேன்.

வடலி:
வரைவை ஏற்க மாட்டேன். "ஆய்வுச் சான்று இல்லை" என்பது தரைத்தூசி முடிவை விழுங்கிவிடுகிறது. அந்த முடிவையும் காற்று அளவையும் கட்டுரையின் உடற்பகுதியில் இரண்டு வாக்கியங்களாக எழுதிய பின்னரே முதற்பத்தியில் கை வையுங்கள். அதுவரை "ஒவ்வாமை தராதது" என்ற வரியை, தொகுப்போர் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்கு மாற்றி வைக்கிறேன். பண்ணை இணைப்பு உயரத்துக்கான மேற்கோளாகக் கீழே இருக்கும்.