ஸ்மார்ட் கண்ணாடியில் காற்றில் எழுதுவது: எழுத்து எங்கே முடிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுட்டுவிரல்:
கண்ணாடி மாதிரி அணியும் சாதனம், முன்பக்கம் ஒரே ஒரு சாதாரண கேமரா. குரல் உள்ளீடு வேண்டாம், நாலு பேர் நடுவில் கடவுச்சொல்லை உரக்கச் சொல்ல முடியாதே. அதனால் விரலால் காற்றில் எழுதுவதைப் படிக்கவைக்கப் பார்க்கிறேன். கேமரா படத்தில் கையைக் கண்டுபிடிக்கும் கூகுளின் மீடியாபைப் மென்பொருள் ஒரு கைக்கு 21 புள்ளிகள் தருகிறது, அதில் சுட்டுவிரல் நுனியான 8ஆம் புள்ளியை மட்டும் பின்தொடர்கிறேன். தனி எழுத்து ஓரளவு சரியாக வருகிறது. சொல்லாக எழுதினால் குழப்பம், ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்குக் கை போகும் வழியும் கோடாகவே பதிவாகிறது. எழுத்தை அடையாளம் காணும் மாடலைப் பெரிதாக்கினால் தீருமா?

பிக்சல்பித்தன்:
தீராது. பேனாவைத் தாளிலிருந்து எடுப்பதற்கு ஈடான சைகை உங்களிடம் இல்லை, அதுதான் சிக்கல். கட்டைவிரல் நுனியும் (4ஆம் புள்ளி) சுட்டுவிரல் நுனியும் ஒட்டியிருந்தால் எழுதுகிறது, பிரிந்தால் எழுதவில்லை என்று வையுங்கள். அந்தத் தூரத்தைப் பிக்சலில் அளக்காதீர்கள், கை கேமராவை விட்டு விலகினாலே எண் மாறிவிடும். மணிக்கட்டுக்கும் நடுவிரல் அடிக்கும் உள்ள நீளத்தால் (0, 9ஆம் புள்ளிகள்) வகுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒட்டியதற்கு ஒரு அளவு, பிரிந்ததற்கு அதைவிடச் சற்றுப் பெரிய அளவு. இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் கோடு துண்டு துண்டாகத்தான் வரும். நுனி நடுங்குவதற்கு ஒன் யூரோ ஃபில்டர் என்ற கணக்குமுறை போதும், மெதுவாக நகரும்போது நன்றாக வழவழப்பாக்கும், வேகமாகப் போனால் தாமதிக்காமல் விட்டுவிடும்.

கணுக்கணக்கு:
இதெல்லாம் சரி, ஆனால் காற்றில் எழுதும் யோசனையே எனக்கு ஒப்பவில்லை. கையைத் தூக்கிப் பிடித்து ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், தோள் சொல்லும். இதற்குக் கொரில்லா கை என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதற்குப் பதில், நான்கு விரல்களில் விரலுக்கு மூன்று கணுப்பகுதி, ஆக 12 இடங்கள், கையை மடியில் வைத்தபடியே கட்டைவிரலால் தட்டலாம். பழைய பட்டன் போன் மாதிரி ஒரு இடத்தில் சில எழுத்துகளை வைத்துவிட்டு, எந்தச் சொல் என்பதை அகராதி முடிவு செய்யட்டும். 247 எழுத்துக்கும் இடம் தேட வேண்டியதில்லை, உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று போதும், உயிர்மெய்யை மென்பொருள் சேர்த்துக்கொள்ளும். தட்டியது விரலுக்கே தெரியும் என்பதால் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம்.

சுட்டுவிரல்:
நல்ல யோசனைதான், ஆனால் என் கேமரா நேராகப் பார்க்கிறது, மடியில் வைத்த கை அதற்குத் தெரியவே தெரியாது.

பிக்சல்பித்தன்:
கீழ்நோக்கி ஒரு கேமரா இல்லாமல் அது நடக்காது. இருந்தாலும் கட்டைவிரல் மற்ற விரல்களை மறைக்கும்போது அந்தப் புள்ளிகளை மாடல் ஊகிக்கத்தான் செய்யும், நடுக்கணுவா அடிக்கணுவா என்பதில் அடிக்கடி தடுமாறும். இப்போதிருக்கும் சாதனத்துக்கு இரு விரல் நுனிகளை ஒட்டி எழுதுவதே நடைமுறை, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு சின்னதாக எழுதினால் வலியும் குறையும். கேமராவை எப்போதும் ஓட விடாதீர்கள், பேட்டரி தாங்காது, உள்ளீட்டுப் பெட்டி திறந்தால் மட்டும் போதும். அது இருக்கட்டும், தப்பாக விழுந்த எழுத்தை அழிக்க என்ன சைகை வைத்திருக்கிறீர்கள்? எழுதுவதைவிட அதுதான் அதிகம் தேவைப்படும்.