டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தமிழ்ப் பில்லுக்குப் பதிலாகப் புரியாத குறிகள் வருகின்றன: உதவி தேவை

கேள்வி (பவானி):
வணக்கம். வீட்டில் நெய்யும் ஜமக்காளத்துக்குக் கார்பன் நகலோடு பில் போட வேண்டியிருப்பதால், 9 ஊசிகள் கொண்ட பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றை வாங்கியிருக்கிறோம். எங்கள் கணினியின் உபுண்டு இயங்குதளத்துக்கான டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கிடைக்கவில்லை. அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் (CUPS) மென்பொருளில் 'ரா' (raw) வகையாகச் சேர்த்ததும் பிரிண்டர் ஓடுகிறது. ஆனால் லிப்ரே ஆபீஸில் தயாரித்த பிடிஎஃப் பில்லை அனுப்பினால், முதல் வரியில் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் விழுந்து, பிறகு பக்கம் பக்கமாகக் குப்பை வருகிறது. பிரிண்டர் தானாக அடித்துக்காட்டும் செல்ஃப் டெஸ்ட் தெளிவாக இருக்கிறது. கோப்பை மாற்றித் தரும் மென்பொருள் உண்டா?

மறுமொழி (சென்னிமலை):
செல்ஃப் டெஸ்ட் சரியாக வருவதால் ஊசிகள் உள்ள ஹெட்டிலோ ரிப்பனிலோ பழுதில்லை. 'ரா' வகை எந்த மாற்றமும் செய்யாமல் கோப்பை அப்படியே தள்ளிவிடும். பிடிஎஃப் புரியாத பிரிண்டர் அதன் உள்ளடக்கத்தை எழுத்துகளாக நினைத்து அடிக்கிறது. பிரவுசரில் கப்ஸின் அமைப்புப் பக்கத்தை (localhost:631) திறந்து, 'எப்சன் 9-பின் சீரீஸ்' டிரைவருடன் இதே பிரிண்டரை வேறொரு பெயரில் சேருங்கள். அந்த டிரைவர் கப்ஸுடனேயே வருவது. பக்கத்தைப் புள்ளிப் படமாக்கி, எப்சன் கட்டளைகளாக மாற்றி அனுப்பும். பிரிண்டரின் எமுலேஷன், அதாவது அது பின்பற்றும் கட்டளை முறை, ஐபிஎம் என்றிருந்தால் எப்சனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (பவானி):
தமிழ் வந்துவிட்டதுங்க, நன்றி. ஆனால் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு பில்லும் முந்தையதைவிடச் சற்று மேலே ஏறி அச்சாகிறது.

மறுமொழி (கோபிசெட்டிபாளையம்):
ஊசிகள் அங்குலத்துக்கு 72 என்ற இடைவெளியில் இருப்பதால், 10 பாயிண்ட் எழுத்தின் மொத்த உயரத்துக்கே 10 புள்ளிகள்தான் கிடைக்கும். அதற்குள் 'ணை', 'ழீ' போன்றவை எப்படி அடங்கும்? ரெசல்யூஷனை 240x72 ஆக்கி, எழுத்தை 14 பாயிண்டுக்கு உயர்த்துங்கள். அதுவும் போதாதென்றால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் 'எப்ஸ்9ஹை' (eps9high) என்ற வெளியீட்டு வகையைத் தேர்ந்து பிடிஎஃப்பை மாற்றுங்கள். அது வரிகளுக்கு இடையில் மீண்டும் அடித்துச் செங்குத்தாக மும்மடங்கு நுணுக்கம் தரும். வேகம் நன்றாகவே குறையும், சத்தத்துக்கும் வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றிய கோப்பில் பிரிண்டருக்குரிய கட்டளைகளே இருப்பதால், அதை நீங்கள் முதலில் 'ரா' வகையாகச் சேர்த்த பழைய பிரிண்டர் வரிசை வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஆகவே அந்த வரிசையை நீக்கிவிடாதீர்கள்.

பில் ஏறுவதற்குக் காரணம் தாள் அளவு. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். உங்கள் தொடர்தாள் 12 அங்குலமாக இருந்தால் அது ஏறத்தாழ 305. பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் குறைவாகத் தாள் நகர்கிறது. லிப்ரே ஆபீஸிலும் கப்ஸிலும் தாளின் உண்மையான அளவையே கொடுத்து, தாள்களைப் பிரிக்கும் துளைக் கோட்டை ஹெட்டுக்கு நேராக வைத்தபின் பிரிண்டரை ஆன் செய்யுங்கள்.