படப் புத்தகங்களில் கிராமம்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

சிறுவர் படப் புத்தகங்களில் வயல், மாடு, கலப்பை எல்லாம் அழகாக வந்துவிடுகின்றன. வேலையை வரையும்போதுதான் சறுக்கல். நாற்று நடவையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுபவர்கள் பின்னோக்கி நகர்ந்துதான் நடுவார்கள்; முன்னால் போனால் நட்டதைத் தாங்களே மிதிக்க வேண்டிவரும். ஆகவே நட்ட வரிசைகள் முகத்துக்கு எதிரே, வெற்றுச் சேறு முதுகுக்குப் பின்னால். பல படங்களில் இது தலைகீழ். ஒரு கையில் நாற்று முடி (நாற்றுக் கட்டு), மறு கையில் இரண்டு மூன்று நாற்று இருந்தால் போதும். பூங்கொத்து போலக் கை நிறைய வேண்டாம்.

அறுவடைப் படத்தில் இன்னொரு கூத்து. பொன்னிறக் கதிர், காலடியில் தண்ணீர்! அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கதிர் ஒன்றுபோல முற்றாது, ஆள் இறங்கவும் முடியாது.

*

நடவு பற்றி மேலே எழுதியவர் சொன்னது சரி. மாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் மாடு எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும், அதுவரை முன்னங்கால்கள் முட்டி போட்டபடி இருக்கும். குதிரை இதற்கு நேர்மாறு. முன்னங்கால் ஊன்றி, பின்பக்கம் தரையில் இருக்கும் மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வரைந்தவர் தொழுவம் பக்கம் போனதில்லை என்று. காது கொம்புக்குக் கீழே, சற்றுப் பின்னால் வரும். மேல்வாயில் முன்பற்களே கிடையாது; பல்வரிசை தெரியச் சிரிக்கும் மாடு கேலிச் சித்திரத்தோடு நிற்கட்டும். நுகத்தடி திமிலுக்கு முன்னால், கழுத்தின் மேல். பின்னால் போட்டால் இழுக்கும்போது திமில் தடுக்காது, நுகம் நழுவிவிடும்.

*

இதையெல்லாம் பென்சில் நிலையிலேயே பிடித்துவிட வேண்டும். வண்ணம் ஏறிய பிறகு ஆளைத் திருப்பி நிறுத்துவது என்றால் அந்தப் பக்கத்தையே மறுபடி வரைவதுதான். கோட்டோவியத்தை அந்த வேலை செய்பவரிடம் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். ‘இவங்க என்ன வேலை செய்யறாங்க? எந்தப் பருவம்?’ என்று கேளுங்கள், தப்பு தானாக வெளியே வரும். இரண்டு பக்கம் விரியும் படமானால் கையும் அரிவாளும் நடு மடிப்பில் சிக்காமல் தள்ளி வையுங்கள்.

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. இன்றைய கதையில் மின்கம்பம், மோட்டார் பம்பு, பைக் எதுவும் இல்லாமல் ஓலைக் குடிசையும் மண்பானையும் மட்டும் வைத்தால் அது யாருடைய ஊரும் இல்லை. ஏர் ஓட்டுபவர் சட்டைப் பையில் செல்போன் இருக்கலாம், அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.