கொரிடோராஸ் மூன்றும் மூலையை விட்டு வருவதில்லை

கேள்வி: கிளிநொச்சியில் இரண்டடி மீன்தொட்டி. அடியில் மேயும் சிறு கெளிறு மீனான கொரிடோராஸ் மூன்று விட்டேன். பகலெல்லாம் ஒளிந்தே கிடக்கின்றன. மீசையும் குட்டையாகிவிட்டது. அடியில் கருங்கல் சல்லி. இடைக்கிடை மேலே பாய்ந்து காற்றைக் கவ்வுகின்றன. ஏதும் நோயோ?

பதில்: தம்பி, மூன்று காணாது. ஒரே இனத்தில் ஆறு மீனாவது வேண்டும், இல்லாவிட்டால் பயந்தே கிடக்கும். முதலில் அந்தச் சல்லியை அள்ளுங்கள், மீசை தேய அதுவும் காரணமாகலாம். நான் நுண்மணலை ஏழெட்டுத் தரம் அலசிப் போட்டேன். முகத்தைப் புதைத்து, மணலைச் செவுளால் விடுகிற அழகைப் பார்த்தே என் தேநீர் ஆறிப்போகும்.

வவுனியாவிலிருந்து: காற்றைக் கவ்வுவது வழமை, குடலாலும் மூச்செடுக்கும். அடிக்கடி என்றால் தண்ணீரை மாற்றுங்கள். சித்திரை வெயிலில் என் தொட்டி 30 பாகையைத் தாண்டியது. இந்தத் தென்னமெரிக்க மீனுக்கு அது கூடின சூடு. நீர்மேல் மேசைவிசிறி பிடித்தேன்.

கேட்டவர்: சரி அண்ணை, சல்லி அள்ளியாச்சு. கடையில் இருப்பவற்றுக்குப் புள்ளி வேறு மாதிரி.

பதில்: அப்ப பொறுங்கள், அதே இனம் வரட்டும்.